கணினி விளையாட்டுக்கு இலக்கணம் வகுத்த படைப்பு எது?

ஒரு கலை இன்னதென்று அறிய விரும்புவோருக்கு ஒரு படைப்பைச் சுட்டிக்காட்டி, "முதலில் இதைப் பாருங்கள்" என்று சொல்லும் வழக்கம் உண்டு. திரைப்படத் துறையில் அந்த இடத்தை நெடுங்காலம் பெற்றிருந்தது 1941-ஆம் ஆண்டில் ஓர்சன் வெல்ஸ் இயக்கிய 'சிட்டிசன் கேன்'. 'சைட் அண்ட் சவுண்ட்' என்னும் பிரிட்டிஷ் திரைப்பட இதழ் பத்தாண்டுக்கு ஒருமுறை திறனாய்வாளர்களிடையே நடத்தும் வாக்கெடுப்பில் 1962 முதல் 2002 வரை ஐந்து முறையும் அப்படமே முதலிடம் பெற்றது. 2012-இல்தான் 'வெர்டிகோ' அதனை முந்தியது.

கணினி விளையாட்டுப் பிரியர்களிடையே இதே கேள்வி வேறு வடிவில் எழுகிறது. "நம் துறையின் 'சிட்டிசன் கேன்' எது?" மாணவர் விடுதிகளில் நள்ளிரவு தாண்டியும் முடியாத வாதங்களுள் இதுவும் ஒன்று. மேலோட்டமாகப் பார்த்தால் இது ரசிகர்களின் சச்சரவாகத் தோன்றலாம். ஆனால் இதனடியில் இன்னொரு கேள்வி மறைந்திருக்கிறது. கணினி விளையாட்டு தனக்கென ஒரு மொழியை உடைய கலையா, அல்லது திரைப்படத்தைப் பார்த்துப் போலி செய்யும் பொழுதுபோக்கா?

புகழ்பெற்ற அமெரிக்கத் திரைப்படத் திறனாய்வாளர் ரோஜர் ஈபர்ட் 2010 ஏப்ரலில், கணினி விளையாட்டு ஒருபோதும் கலையாக முடியாது என்று எழுதினார். எதிர்ப்புக் குவிந்தது. சில மாதங்களில் அவரே, விளையாடிப் பாராமல் அவ்வாறு சொல்லியிருக்கக்கூடாது என்று எழுதினார். ஆயினும் அவர் எழுப்பிய கேள்விக்கு நாம் விடை சொல்லியாக வேண்டும். அவ்விடைக்குச் சான்றாக எந்த விளையாட்டை முன்வைப்பது?

அளவுகோல் என்ன?

விற்பனையை அளவுகோலாகக் கொண்டால் போட்டி எளிதில் முடிந்துவிடும். ஆனால் அதிகம் விற்ற நூல்தான் சிறந்த இலக்கியம் என்று நாம் யாரும் ஒப்புக்கொள்வதில்லை. கதையை அளவுகோலாகக் கொண்டால், அது நாவலிடமிருந்து இரவல் வாங்கியது. காட்சியழகைக் கொண்டால், அது ஓவியத்திடமிருந்தும் திரைப்படத்திடமிருந்தும் பெற்றது.

எனவே இரண்டு சோதனைகளை முன்வைக்கலாம். முதலாவது, படம், இசை, கதை ஆகிய மூன்றையும் நீக்கிவிட்டால் அந்தப் படைப்பில் என்ன எஞ்சுகிறது? இரண்டாவது, எஞ்சியதைக் கணினி இல்லாமல் ஒரு மேசையின் மீது விளையாட முடியுமா? முதற்சோதனையில் ஒன்றும் எஞ்சாவிட்டால் அது வேறொரு கலைக்குக் கடன்பட்டிருக்கிறது. இரண்டாம் சோதனையில் மேசையே போதுமென்றால் அதற்குக் கணினி தேவையில்லை. சதுரங்கம் முதற்சோதனையில் மிக எளிதாகத் தேறும், இரண்டாவதில் தேறாது. அது மாபெரும் விளையாட்டுதான், ஆனால் கணினி விளையாட்டு அன்று.

போட்டியாளர்கள்

இவ்விடத்திற்கு வழக்கமாக முன்மொழியப்படும் சில படைப்புகளைப் பார்ப்போம்.

1998-இல் நிண்டெண்டோ வெளியிட்ட 'செல்டா: ஒக்கரினா ஆஃப் டைம்', திறனாய்வு மதிப்பெண்களைத் தொகுக்கும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் 100-க்கு 99 பெற்றது. முப்பரிமாண வெளியில் எதிரியை நோக்கிப் பார்வையை நிலைநிறுத்திக்கொண்டே சண்டையிடுவது எப்படி என்ற சிக்கலை ஒரே பொத்தானில் தீர்த்து வைத்தது. இன்றைய முப்பரிமாண விளையாட்டுகள் பலவற்றில் அந்தத் தீர்வின் சாயலைக் காணலாம். எனினும், அது திறந்துவிட்ட பாதையில் பின்வந்தோர் வெகுதூரம் சென்றுவிட்டனர்.

2013-இல் வெளிவந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' கதைக்காகப் போற்றப்படுகிறது. 2023-இல் அது தொலைக்காட்சித் தொடராக வந்தபோது, விளையாட்டுக் கருவியைத் தொட்டே பாராதவர்களும் அதனை ரசித்துப் பார்த்தனர். கதையின் வலிமைக்கு இது நற்சான்று. ஆனால் அவ்வளவு எளிதாக வேறோர் ஊடகத்திற்குக் குடிபெயர முடிந்தது என்பதே, அதன் உயிர் விளையாட்டில் மட்டும் இல்லை என்பதையும் காட்டுகிறது.

உண்மையிலேயே வலுவான போட்டியாளர் 2005-இல் ஃபுமிட்டோ உவேடா உருவாக்கிய 'ஷேடோ ஆஃப் தி கொலாசஸ்'. இறந்த ஒரு பெண்ணை உயிர்ப்பிக்கும் நோக்கத்தில் ஓர் இளைஞன் பதினாறு பேருருக்களைக் கொல்ல வேண்டும். ஒவ்வொன்றும் சரியும்போது வெற்றிக் களிப்புக்கு மாறாக ஒருவிதக் குற்ற உணர்ச்சி நம்மைத் தைக்கிறது. திரைப்படத்தில் கொல்பவன் கதாநாயகன். இங்கே கொல்வது நம் விரல். இது விளையாட்டால் மட்டுமே தரக்கூடிய அனுபவம் என்பதில் ஐயமில்லை. ஆனாலும் அந்த உணர்ச்சியை எழுப்பப் பேருருவின் தோற்றமும் வீழும்போது ஒலிக்கும் சோக இசையும் பெரிதும் துணைபுரிகின்றன. முதற்சோதனையில் இப்படைப்பு பாதியை இழந்துவிடுகிறது.

இரண்டு சோதனைகளிலும் எதையும் இழக்காமல் நிற்கும் ஒரு படைப்பு உண்டு. அது டெட்ரிஸ்.

மாஸ்கோவில் பிறந்த ஏழு துண்டுகள்

1984-இல் மாஸ்கோவில், சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் பணியாற்றிய அலெக்ஸி பஜித்னோவ் டெட்ரிஸை உருவாக்கினார். ஐந்து சதுரங்களை ஒட்டிச் செய்த துண்டுகளைப் பெட்டிக்குள் அடுக்கும் பென்டோமினோ என்னும் புதிர் அவருக்கு விருப்பமானது. அதைக் கணினிக்குக் கொண்டுவர முயன்றபோது சதுரங்களை நான்காகக் குறைத்தார். நான்கு சதுரங்களால் அமையும் துண்டுகள் ஏழே ஏழு. கிரேக்க மொழியில் நான்கைக் குறிக்கும் 'டெட்ரா' என்ற சொல்லையும், தமக்குப் பிடித்த டென்னிஸையும் இணைத்துப் பெயர் சூட்டினார்.

அவர் பயன்படுத்திய எலெக்ட்ரோனிகா 60 கணினியில் படம் வரையும் வசதியே கிடையாது. எழுத்துகளும் குறியீடுகளும் மட்டுமே திரையில் தோன்றும். ஆகவே சதுர அடைப்புக்குறிகளைச் சேர்த்துத் துண்டுகளை உருவாக்கினார். இசையில்லை, வண்ணமில்லை, கதையில்லை. அந்நிலையிலேயே சக ஊழியர்கள் அதைக் கைவிட முடியாமல் விளையாடினர். நமது முதற்சோதனையை டெட்ரிஸ் பிறக்கும்போதே கடந்துவிட்டது!

முதலில் துண்டுகள் விழுந்து சில நொடிகளில் திரை நிரம்பிவிட்டது. அப்போதுதான் பஜித்னோவுக்கு அந்த முக்கியமான எண்ணம் தோன்றியது. இடைவெளியின்றி நிரம்பிய வரிசை மறைந்துபோக வேண்டும். இந்த ஒரே விதி ஒரு புதிரை முடிவற்ற விளையாட்டாக மாற்றியது.

இரண்டாம் சோதனைக்கு வருவோம். மரத்தில் ஏழு துண்டுகளைச் செதுக்கி மேசையில் அடுக்கலாம். ஆனால் அவை தாமாக விழா, வேகம் கூடா, நிரம்பிய வரிசை மறையாது, நாம் தயாராகும் முன்பே அடுத்த துண்டு வந்து நிற்காது. காலமும் கட்டாயமும்தான் டெட்ரிஸின் உயிர். அவ்வுயிரைக் கணினியால் மட்டுமே தரமுடியும்.

இரும்புத்திரையைத் தாண்டி

வாடிம் கெராசிமோவ் என்ற 16 வயது மாணவர் இதை ஐபிஎம் கணினிக்கு மாற்றி எழுத, வட்டுகளில் நகலெடுக்கப்பட்டு அது மாஸ்கோ முழுதும் பரவியது. பின்னர் ஹங்கேரி வழியாக மேற்குலகை எட்டியது. உரிமம் முறையாகக் கைக்கு வருமுன்பே அது கைமாற்றி விற்கப்பட்டதால் பெருங்குழப்பம் விளைந்தது. 1989 பிப்ரவரியில் ஹென்க் ரோஜர்ஸ் என்ற வணிகர் மாஸ்கோவுக்கே நேரில் சென்று, சோவியத் அரசின் மென்பொருள் வணிக நிறுவனமான எலோர்க்கிடம் பேசி, கைக்கருவிகளுக்கான உரிமத்தைப் பெற்றார். அவ்வாண்டே நிண்டெண்டோவின் கேம் பாய் கருவியுடன் டெட்ரிஸ் சேர்த்து விற்கப்பட்டது. அந்தப் பதிப்பு மட்டும் ஏறத்தாழ 3 கோடியே 50 லட்சம் பிரதிகள் விற்றது. ஆனால் உரிமை அரசிடம் இருந்ததால் பல்லாண்டுகள் படைப்பாளிக்கு அதிலிருந்து பங்கு வரவில்லை. 1996-இல்தான் உரிமை பஜித்னோவின் கைக்கு வந்தது.

நம் ஊர் இரவுச் சந்தைகளில் 1990-களில் மலிவாக விற்ற, சிறு திரையுடைய 'பிரிக் கேம்' கருவிகளை மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். உரிமமோ பெயரோ இன்றி அவற்றில் ஓடியதும் இந்த ஏழு துண்டுகளே. மலாய், சீனம், தமிழ் என்று எம்மொழி பேசும் பிள்ளையும் விளக்கக் குறிப்பு எதையும் படிக்காமல் ஒரு நிமிடத்தில் அதைக் கற்றுக்கொள்ள முடிந்தது.

எளிமைக்குள் ஆழம்

எளிய விதி என்பதால் எளிய விளையாட்டு என்று எண்ணிவிடக்கூடாது. 1997-இல் ஹைடி பர்கீல் என்ற கணிதவியலாளர், 'எஸ்' வடிவத் துண்டும் 'இசட்' வடிவத் துண்டும் மாறிமாறி வந்துகொண்டே இருந்தால் எவ்வளவு திறமையானவரும் இறுதியில் தோற்றே தீர்வார் என்று நிறுவினார். துண்டுகள் முற்றிலும் தற்செயலாக வரும் ஆட்டத்தில் அத்தகைய தொடர் என்றேனும் வரத்தான் செய்யும். 2002-இல் எம்ஐடி ஆய்வாளர்கள் மூவர் இன்னொன்றைக் காட்டினர். வரப்போகும் துண்டுகள் அனைத்தும் முன்கூட்டியே தெரிந்தாலும், அவற்றை மிகச் சிறப்பாக அடுக்கும் வழியை விரைவாகக் கண்டறியும் பொதுமுறை எதுவும் அறியப்படவில்லை. கணினியியலின் மிகக் கடினமான கணக்குகளின் வரிசையில் இதுவும் ஒன்று.

மனத்தின் மீதும் இதன் பிடி வியப்பூட்டுகிறது. 2000-ஆம் ஆண்டில் 'சயன்ஸ்' இதழில் வெளியான ஆய்வொன்றில், டெட்ரிஸ் ஆடியவர்கள் தூக்கம் கண்ணைச் சுழற்றும் வேளையில் துண்டுகள் விழுவதைக் கண்டனர். நினைவிழப்பு நோயால், தாம் விளையாடியதையே மறந்துபோனவர்களிலும் சிலருக்கு அக்காட்சி தோன்றியது! 2009-இல் வெளிவந்த ஆக்ஸ்ஃபர்டு ஆய்வில், மனத்தை உலுக்கும் காட்சிகளைப் பார்த்த அரைமணி நேரத்திற்குப் பின் டெட்ரிஸ் ஆடியவர்களுக்கு, ஆடாதவர்களைவிட அக்காட்சிகள் மீண்டும் மனத்தில் வந்து தொல்லை தருவது குறைந்தது.

இத்தனை ஆண்டுகளாகியும் அது வற்றிவிடவில்லை. 1989-இல் வெளிவந்த நிண்டெண்டோ பதிப்பில், 29-ஆம் நிலைக்கு மேல் மனிதக் கை எட்டாது என்றே ஒரு காலத்தில் நம்பப்பட்டது. 2023 டிசம்பரில் அமெரிக்காவைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் ஒருவன் 157-ஆம் நிலை வரை சென்று, நிரலே தாங்காமல் விளையாட்டு உறைந்து நிற்கும்படி செய்தான். அதற்குமுன் கணினி நிரல் மட்டுமே அந்த எல்லையை எட்டியிருந்தது.

ஒரு மறுப்பும் அதற்கு விடையும்

"எல்லாம் சரி, ஆனால் டெட்ரிஸில் வாழ்க்கை எங்கே? காதல் இல்லை, இழப்பு இல்லை, மனிதரே இல்லை. இதையா உச்சப் படைப்பு என்பது?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

சொற்களே இல்லாத ஆலாபனையை எண்ணிப்பாருங்கள். அதில் கதை இல்லை. ஆயினும் அது கலையன்று என்று யாரும் சொல்வதில்லை. ஒலிகளின் ஒழுங்கே அங்கு உணர்வாகிறது. அதுபோல, விதிகளின் ஒழுங்கு உணர்வாவதே விளையாட்டுக் கலை. டெட்ரிஸில் இறுதி வெற்றி என்பது கிடையாது. வருவதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நமக்கில்லை. எங்கே வைப்பது என்பது மட்டும் நம் கையில். நேற்று அவசரத்தில் வைத்தது இன்று வழியை அடைக்கிறது. நீண்ட துண்டு வருமென்று காலி விட்டுக் காத்திருப்பது துணிவா, பேராசையா என்பது அது வந்து சேரும்வரை தெரிவதில்லை. தேர்வுக் காலத்து மாணவருக்கு இந்த அனுபவத்தை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை! இதனைத் டெட்ரிஸ் ஒரு சொல்லும் பேசாமல் உணர்த்துகிறது.

நம் மரபும் இதற்கு அந்நியமானதன்று. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், உவகை என்னும் மெய்ப்பாடு பிறக்கும் களங்கள் நான்கனுள் ஒன்றாக விளையாட்டை வைத்திருக்கிறது. விளையாட்டு உணர்வின் ஊற்று என்பதை இலக்கணம் வகுத்தோர் அறிந்தே இருந்தனர். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 2012-இல் முதன்முதலாகத் தன் தொகுப்பில் சேர்த்த 14 விளையாட்டுகளுள் டெட்ரிஸும் இடம்பெற்றது.

நமக்கு என்ன பயன்?

நம் மாணவர்களுள் கணினியியல் பயில்வோர் பலர். தமிழில் ஒரு விளையாட்டு செய்ய வேண்டுமென்ற ஆர்வமும் சிலருக்கு உண்டு. அவ்வேளையில் நம் கவனம் பெரும்பாலும் மன்னர்களின் உருவத்திற்கும் கோயிற் கோபுரத்தின் காட்சிக்குமே செல்கிறது. அவை வேண்டாமென்பதில்லை. ஆனால் பணமும் படமும் இல்லாத ஒரு கணினியில், ஒரு நல்ல விதியைக் கண்டுபிடித்தவரே உலகை வென்றார் என்பதை மறக்கலாகாது.

தமிழிலும் விதிகளுக்குப் பஞ்சமில்லை. 12 உயிரும் 18 மெய்யும் சேர்ந்து 216 உயிர்மெய் பிறக்கின்றன. இரண்டு சொற்கள் சந்திக்கும் இடத்தில் ஓர் எழுத்து தோன்றுகிறது, திரிகிறது, கெடுகிறது. தேர்வுக்காக மனனம் செய்யும் இப்புணர்ச்சி விதிகளுக்குள்ளேயே, விழுந்து சேர்ந்து மறையும் ஒரு விளையாட்டு ஒளிந்திருக்கக்கூடும்.

டெட்ரிஸ்தான் என்ற இம்முடிவை ஏற்காதவர்கள், தங்களுக்குப் பிடித்த விளையாட்டை அந்த இரண்டு சோதனைகளுக்கும் உட்படுத்திப் பார்க்கலாம். அதில் தேறும் இன்னொன்றை நம்மவர் ஒருவரே படைத்துக் காட்டினால், அந்த வாதத்தில் தோற்பதில் நமக்கெல்லாம் மகிழ்ச்சியே.