பஞ்சக் கப்பலில் ஒரு தாய்

1845 இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரை அழுகல் நோய் தாக்கியது. அதையே அன்றாட உணவாக நம்பியிருந்த ஏழைகளுள் சுமார் 10 இலட்சம் பேர் அடுத்த சில ஆண்டுகளில் மாண்டனர். ஏறத்தாழ அதேயளவினர் ஊரைவிட்டுக் கப்பலேறினர்.

1847 இல் நியூயோர்க் நோக்கிச் செல்லும் அத்தகைய கப்பலொன்றின் கதையே, ஜோசப் ஓ'கொனர் எழுதிய 'ஸ்டார் ஒஃப் த சீ' நாவல். 2002 இல் வெளிவந்த இதனை, 2004 இல் பிரித்தானியத் தொலைக்காட்சியின் 'ரிச்சர்ட் - ஜூடி' வாசகர் வட்டம் தெரிவுசெய்தது. அதன்பின் விற்பனை பெருகியது.

கடிதங்களும் குறிப்புகளுமாக நகரும் தொடக்கம் சில வாசகருக்கு அலுப்பைத் தந்தது. கொலைக் கதையென்று எடுத்தவர்களின் மனதிலும் தங்கியவை வேறு: கப்பற் தலைவன் நாள்தோறும் குறிப்பேட்டில் பதியும் மரணங்கள், தன் குழந்தையைப் பறிகொடுத்து, பிரபு வீட்டுப் பிள்ளைகளைப் பராமரிக்கும் பணிப்பெண் மேரி டுவேன்.

பஞ்சத்தின் நடுவிலும் அயர்லாந்திலிருந்து தானியமும் கால்நடைகளும் இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாகின. உணவு முற்றாக அற்றுப்போகவில்லை. அதை வாங்க ஏழைகளிடம் வழியிருக்கவில்லை. எண்ணிக்கையாக மட்டும் அறிந்திருந்த அந்த அநீதியை ஒரு தாயின் துயராக உணரவைப்பதே இந்நாவலின் சிறப்பு. சகோதரிகளே, கிடைத்தால் வாசித்துப் பாருங்கள்.