கிறிஸ்துமஸ் விருந்தும் நீரிழிவு நோயாளரும்

நீரிழிவு உள்ளவர்கள் கிறிஸ்துமஸ் விருந்தைத் தவிர்க்க வேண்டியதில்லை. எதை, எவ்வளவு, எப்போது உண்பது என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொண்டால் போதும்.

பலகாரங்கள்: கல்கல், அச்சு முறுக்கு, பிளம் கேக் ஆகியவற்றில் மாவும் சர்க்கரையும் மிகுதி. வெல்லப்பாகில் செய்த முந்திரிக்கொத்தும் இரத்தச் சர்க்கரையை உயர்த்தவே செய்யும். எனவே ஒரு வேளைக்கு ஒரு வகையில் சிறிதளவு மட்டும், உணவோடு சேர்த்து உண்ணுங்கள். அவ்வேளையில் சோற்றின் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

மதிய விருந்து: தட்டில் பாதியைக் காய்கறிகளுக்கும், கால் பங்கைப் பிரியாணிக்கும், எஞ்சிய கால் பங்கைக் கோழி அல்லது மீனுக்கும் ஒதுக்குங்கள்.

நள்ளிரவு ஆராதனை: பெரிதும் கவனிக்க வேண்டியது இதுவே. மாலையில் இன்சுலின் செலுத்திக்கொண்டு, ஆராதனை முடிந்தபின் உண்ணலாம் என இரவு உணவைத் தள்ளிப்போடுவது ஆபத்தானது. சில மாத்திரைகளுக்கும் இது பொருந்தும். வழக்கமான நேரத்தில் உண்டுவிட்டே புறப்படுங்கள். நேரத்தை மாற்ற நேர்ந்தால் மருத்துவரிடம் முன்னதாகக் கேளுங்கள்.

வியர்வை, நடுக்கம், படபடப்பு, மனக்குழப்பம் ஆகியவை சர்க்கரை தாழ்ந்ததன் அறிகுறிகள். அளவு 70 மி.கிராமுக்குக் கீழிருந்தால் 3 தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள். சோதிக்கும் கருவி இல்லையெனில் காத்திராமல் கொடுத்துவிடுங்கள். நினைவிழந்தவருக்கு வாய்வழி எதுவும் புகட்டாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள்.

இனிப்பு உண்டதற்கு ஈடாக மருந்தின் அளவைத் தாமாகக் கூட்டுதல் கூடாது. உறவினரும் அன்பின் பெயரால் இன்னொரு துண்டு கேக்கை வற்புறுத்தாதிருப்பது பேருதவியாகும்.