வலையருகே நிற்கும் கிள்ளான் பெண்

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு வாரமாக ஒரு படிவம் கிடக்கிறது. அதன்மேல் ஊறுகாய் பாட்டில் வைத்தாயிற்று, மின்சார பில் வைத்தாயிற்று. ஆனால் பெற்றோர் கையொப்பமிடும் இடம் மட்டும் இன்னும் காலியாகவே இருக்கிறது.

மகள் இப்போது ஆறாம் ஆண்டு படிக்கிறாள். முதலாம் படிவத்தை புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளியில் தொடங்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. ஹாஸ்டலில் தங்க வேண்டும். காலையிலும் மாலையிலும் பூப்பந்துப் பயிற்சி, இடையில் வகுப்புகள்.

"படிப்பு என்னங்க ஆகும்?" என்று மனைவி ஒரே கேள்வியைத்தான் கேட்டார். "பன்னெண்டு வயசுப் பொம்பளப் பிள்ளைய ஹாஸ்டல்ல விடுறதா?" என்று என் அம்மா கேட்டதில் இன்னும் பல கேள்விகள் அடங்கியிருந்தன. மகள் யாருக்கும் பதில் சொல்லவில்லை. "தீனா அக்காவும் கிள்ளான்தானே, அப்பா?" என்று என்னிடம் மட்டும் கேட்டாள்.

ஆமாம். உலகப் பூப்பந்து மகளிர் இரட்டையர் தரவரிசையில் இரண்டாம் இடம் வரை சென்ற எம். தீனா 1998 ஜனவரி 3ஆம் தேதி பிறந்தது நம் கிள்ளானில்தான். நாங்கள் தீபாவளிக்குத் துணி எடுக்கும் ஜாலான் தெங்கு கிளானா இருக்கும் அதே ஊர். தினமும் காலையில் நான் கம்யூட்டர் ரயில் பிடித்து பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வேலைக்குப் போகும் அதே ஊர். அந்தப் படிவத்தில் கையெழுத்து போடுவதற்கு முன், அவர் நடந்து வந்த பாதையைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது.

படிகள் பல

பிள்ளைகளைத் திடலுக்கு அழைத்துப் போகும் பெற்றோருக்கு இந்தப் படிகள் மனப்பாடம். முதலில் பள்ளி. பிறகு மாவட்ட அளவிலான எம்.எஸ்.எஸ்.டி. போட்டி, அதையடுத்து மாநில அளவு, அதற்கும் மேலே நாடு தழுவிய எம்.எஸ்.எஸ்.எம். அங்கே கண்ணில் பட்டால் விளையாட்டுப் பள்ளியோ மலேசியப் பூப்பந்துச் சங்கத்தின் இளையோர் அணியோ கிடைக்கலாம். ஒவ்வொரு படியிலும் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள்.

தேசிய அணிக்குள் போய்விட்டால் எல்லாம் முடிந்தது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் ஆட்டம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. உலகப் பூப்பந்துச் சுற்றுப் போட்டிகளுக்கு 100, 300, 500, 750, 1000 என்று தரம் உண்டு. சிறிய போட்டிகளில் புள்ளி சேர்த்தால்தான் பெரிய போட்டிகளில் இடம் கிடைக்கும். உச்சியில் இருக்கும் சூப்பர் 1000 போட்டிகள் ஆண்டுக்கு நான்கே நான்கு: மலேசியா, இங்கிலாந்து, இந்தோனேசியா, சீனா. அங்கே முதல் சுற்றிலேயே உலகின் சிறந்த ஜோடி எதிரே வந்து நிற்கலாம்.

தீனாவும் அலோர் ஸ்டாரைச் சேர்ந்த பெர்லி தானும் ஜோடியாக வெளியுலகுக்குத் தெரியவந்தது 2021 மார்ச்சில், சூப்பர் 300 போட்டியான சுவிஸ் ஓப்பனை வென்றபோது. அப்போது தீனாவுக்கு வயது 23. பதின்மூன்று வயதில் ஒரு பிள்ளை வீட்டை விட்டுப் பயிற்சிக்குப் போகிறாள் என்று வைத்துக்கொண்டால், இடையில் பத்து ஆண்டுகள் இருக்கின்றன. அந்தப் பத்து ஆண்டுகளில் எந்த நாளிதழும் அவள் படத்தைப் போடாது. அந்தக் கணக்கைப் போட்ட இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஸ்மாஷ் அடிக்காத பிள்ளை

போன ஆண்டு எங்கள் வீட்டில் பெரிய அழுகை ஒன்று நடந்தது. கோச் என் மகளை இரட்டையர் ஆட்டத்தில் முன்னால், வலைக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டார். பின்னால் நின்று ஸ்மாஷ் அடிக்கும் வேலை இன்னொரு பிள்ளைக்குப் போய்விட்டது. "எனக்குப் பலம் இல்லைன்னு கோச் நினைக்கிறாரு" என்று காரில் ஏறியதிலிருந்து வீடு வரும்வரை அழுதாள்.

அன்றிரவு இருவரும் உட்கார்ந்து பெர்லி - தீனா ஆட்டம் ஒன்றைப் பார்த்தோம். பெர்லியின் ஸ்மாஷ் உலகப் பிரசித்தம். 2023 ஏப்ரல் 14ஆம் தேதி ஜப்பானின் சைத்தாமா மாநிலத்தில் நடந்த சோதனையில் அவர் அடித்த பந்து மணிக்கு 438 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தது. பெண்கள் பிரிவில் அது கின்னஸ் சாதனை. சுமார் ஐந்து கிராம் எடையும் 16 இறகுகளும் கொண்ட பந்து அது!

ஆனால் ஸ்மாஷ் அடிக்க வேண்டுமென்றால், எதிராளி பந்தை மேலே தூக்கித் தர வேண்டும். எந்த எதிராளி விரும்பித் தூக்குவார்? தூக்கியே ஆக வேண்டிய நெருக்கடியை உண்டாக்குவது முன்னால் நிற்பவரின் வேலை. ஒன்றரை மீட்டருக்குச் சற்று மேலான வலையை ஒட்டினாற்போல் பந்தைத் தாழ்வாகப் போட்டு, எதிராளி தட்டையாக அடித்தால் பாதியிலேயே மறித்து, மூலையை அடைத்து நிற்க வேண்டும். எதிராளியின் மட்டையிலிருந்து பந்து வந்து சேர ஒரு கண்சிமிட்டும் நேரம்கூட ஆகாது. தீனா செய்வது அந்த வேலையைத்தான். மறுபடி ஓட்டிப் பார்த்தபோதுதான் எங்களுக்கு விளங்கியது. பெர்லி முடித்த புள்ளிகள் பலவற்றில், அதற்கு இரண்டு அடி முன்பே தீனா வேலையை முடித்திருந்தார்.

இருவரும் இடம் மாறி ஆடுவதும் உண்டு. தற்காப்பு ஆட்டத்தில் பக்கத்துக்கு ஒருவராக நின்று, வந்து விழும் ஸ்மாஷ்களைச் சலிக்காமல் திருப்பி அனுப்புவார்கள். மகளிர் இரட்டையரில் ஒரு புள்ளிக்கே ஐம்பது, அறுபது அடிகள் போவதும் உண்டு. அதில் பொறுமை இழக்கும் ஜோடிதான் பெரும்பாலும் தோற்கும்.

மகள் அதன்பிறகு அழவில்லை. அடுத்த பயிற்சிக்குப் போனதும், "கோச், வலைப் பந்து இன்னும் அரை மணி நேரம் போடுங்க" என்று கேட்டாளாம். கோச்சே என்னிடம் சொன்னார்.

ஒரே அரங்கம், இரண்டு ஆண்டுகள்

2022ஆம் ஆண்டு தீனாவுக்கு நல்ல ஆண்டு. பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில் கலப்புக் குழு இறுதியாட்டத்தில் மலேசியா இந்தியாவை 3-1 என்று வென்றது. தங்கத்தை உறுதி செய்த கடைசி ஆட்டத்தை ஆடியது இந்த ஜோடிதான். சில நாள்களில் மகளிர் இரட்டையர் தங்கமும் கிடைத்தது. இறுதியாட்டத்தில் இங்கிலாந்து ஜோடியை 21-5, 21-8 என்று வீழ்த்தினார்கள். அக்டோபரில் சூப்பர் 750 தரத்திலான பிரெஞ்சு ஓப்பன். இறுதியாட்டத்தில் ஜப்பானின் மாயு மட்சுமோட்டோ - வகானா நாகஹாரா ஜோடியை வென்று பட்டம் வாங்கினார்கள்.



2024 பாரிஸ் ஒலிம்பிக். அரையிறுதிக்குப் போன முதல் மலேசிய மகளிர் இரட்டையர் ஜோடி என்ற பெயர் இவர்களுக்குக் கிடைத்தது. அரையிறுதியில் சீனாவின் சென் சிங்சென் - ஜியா யிஃபானிடம் மூன்று செட் வரை போராடித் தோற்றார்கள். ஆகஸ்ட் 3, சனிக்கிழமை, வெண்கலத்துக்கான ஆட்டம். எதிரே ஜப்பானின் நாமி மட்சுயாமா - சிஹாரு ஷிடா.

நாங்கள் கிள்ளானில் ஒரு மாமாக் கடையில் பெரிய திரையின் முன் உட்கார்ந்திருந்தோம். மலாய், சீன, இந்திய முகங்கள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பியிருந்தன. 11-21, 11-21. ஆட்டம் முடிந்தபோது கடையில் ரொட்டிக் கல்லில் கரண்டி படும் ஓசை மட்டும்தான் கேட்டது. மகள் அப்போது நான்காம் ஆண்டு. "அவ்வளவுதானா அப்பா?" என்று கேட்டாள். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. தே தாரிக்கைக் குடித்து முடித்துவிட்டுக் கிளம்பினோம்.

அவ்வளவுதான் இல்லை என்பது அடுத்த ஆண்டு தெரிந்தது. 2025 மே மாதம் தாய்லாந்து ஓப்பன் பட்டம். ஜூனில் சூப்பர் 1000 போட்டியான இந்தோனேசிய ஓப்பனின் இறுதியாட்டம் வரை சென்று, சீனாவின் லியூ செங்சூ - தான் நிங் ஜோடியிடம் தோல்வி. பிறகு ஆகஸ்டில் உலக வெற்றியாளர் போட்டி. இடம் மறுபடியும் பாரிஸ். ஒலிம்பிக் பூப்பந்து நடந்த அதே லா ஷப்பல் அரங்கம்.

வெண்கலத்தைக் கைவிட்ட அந்தத் தளத்தில் இம்முறை இறுதியாட்டத்துக்கே போனார்கள். உலகப் போட்டியின் இறுதிக்கு மலேசிய மகளிர் ஜோடி ஒன்று வந்தது அதுவே முதல் முறை. நாள் ஆகஸ்ட் 31, நம் மெர்டேக்கா தினம். மீண்டும் லியூ - தான் நிங் ஜோடி, மீண்டும் தோல்வி. அதே நாளில் கலப்பு இரட்டையரில் சென் தாங் ஜீ - தோ ஈ வெய் உலகத் தங்கம் வென்றதால் நாடு கொண்டாடியது. தீனாவின் வெள்ளிப் பதக்கம் கொஞ்சம் பின்னால் போய்விட்டது. என் மகளுக்கு மட்டும் அது பின்னால் போகவில்லை. "போன தடவை நாலாவது, இந்தத் தடவை ரெண்டாவது" என்று விரல் விட்டு எண்ணினாள்.

எங்கள் பயங்கள்

பெற்றோரின் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. கோ ஜின் வெய் 2015, 2017 என இருமுறை உலக இளையோர் வெற்றியாளர். 2019இல் உடல்நலம் கெட்டு அவருக்குப் பெருங்குடல் அறுவைச் சிகிச்சை செய்யவேண்டி வந்தது. இருபத்தொரு வயதில் ஓய்வை அறிவித்து, பிறகு மனம் தளராமல் திரும்பி வந்தார். திறமை மட்டும் இருந்தால் போதும் என்று யாரும் உறுதி தர முடியாது.

இன்னொரு பயத்தை என் அம்மா வாய்விட்டுச் சொல்லவில்லை. 2021 சுதிர்மான் கிண்ண அரையிறுதியில் எஸ். கிஷோனா ஜப்பானின் அகானே யாமாகுச்சியிடம் தோற்றபோது, அரசியல் கட்சி நிர்வாகி ஒருவர் அவர் நிறத்தையும் இனத்தையும் இழுத்துப் பேசினார். நாடே கண்டித்தது, மன்னிப்பும் வந்தது. ஆனாலும் தோற்கும் நாளில் நம் பிள்ளை என்னென்ன கேட்க வேண்டியிருக்கும் என்ற நினைப்பு எந்தத் தாய்க்கும் வரத்தான் செய்யும்.

அம்மாவிடம் பஞ்ச் குணாளன் பெயரைச் சொன்னேன். உடனே முகம் மாறியது. 1970 பாங்காக் ஆசியப் போட்டியில் ஒற்றையர், இரட்டையர் இரண்டிலும் தங்கம். 1971இல் இங் பூன் பீயுடன் அகில இங்கிலாந்து இரட்டையர் பட்டம். 1974இல் அதே போட்டியின் ஒற்றையர் இறுதியாட்டம். "உங்க அப்பா ரேடியோ பக்கத்துல காதை வச்சுக்கிட்டே இருப்பாரு" என்றார். நம் பிள்ளைகளுக்கு இந்தத் திடல் புதிதல்ல என்பதை அவரே எனக்கு ஞாபகப்படுத்தினார்.

படிப்பைப் பற்றி மனைவி கேட்டதற்கு ஸ்குவாஷ் வீராங்கனை எஸ். சிவசங்கரி நல்ல பதில். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே ஆடியவர். 2022இல் பெரிய சாலை விபத்தில் சிக்கினார். மீண்டு வந்து, 2023இல் ஹாங்ஜோ ஆசியப் போட்டியில் ஒற்றையர் தங்கம் வென்றார். விளையாட்டுப் பள்ளிப் பிள்ளைகளும் எஸ்.பி.எம். எழுதத்தான் செய்கிறார்கள். விளையாடப் போனால் படிப்புக் கதவு மூடிவிடும் என்று சொல்வதற்கில்லை. ஆனால் இரண்டையும் இழுத்துக்கொண்டு போக வீட்டின் ஒத்துழைப்பு வேண்டும்.

செலவும் இருக்கிறது. பன்னிரண்டு பந்துகள் கொண்ட ஒரு குழல் இன்று நூறு ரிங்கிட்டைத் தாண்டுகிறது. திடல் வாடகை, காலணி, மட்டைக்கு நரம்பு கட்டும் கூலி எல்லாம் தனி. என் மகள் தீனா ஆகிவிடுவாள் என்று நம்பி அந்தப் பணத்தைக் கொடுத்தால் நான் ஏமாறக்கூடும். தோற்ற மறுநாள் காலை அலாரம் அடிப்பதற்குள் எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொள்கிறாளா என்று பார்த்துக் கொடுத்தால் ஏமாற மாட்டேன். இந்த இரண்டு வாரமும் நான் பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான். போன சனிக்கிழமை மாவட்டப் போட்டியில் காலிறுதியில் தோற்றாள். ஞாயிறு காலை ஆறரைக்கு எனக்கு முன்பே காரின் அருகில் நின்றாள்.

நேற்றிரவு ஊறுகாய் பாட்டிலை நகர்த்திவிட்டுப் படிவத்தை எடுத்தது மனைவிதான். "விடுமுறைக்கெல்லாம் வீட்டுக்கு வரணும். கணக்குல மார்க் குறைஞ்சா திரும்பக் கூட்டிட்டு வந்துருவேன், சரியா?" என்று கேட்டுக்கொண்டே கையெழுத்து போட்டார். மகள் தலையாட்டினாள். அம்மா எதுவும் சொல்லாமல் அவள் தலையைத் தடவிக் கொடுத்தார்.

இது தேர்வுக்கு விண்ணப்பம்தான். இடம் கிடைக்குமா என்பது திடலில் தெரியும். விளையாட்டு என்ற கட்டத்தில் பூப்பந்து என்று மகளே எழுதினாள். ஒற்றையரா, இரட்டையரா என்று கேட்டிருந்த இடத்தில் பேனா ஒரு விநாடிகூடத் தயங்கவில்லை. இரட்டையர் என்று எழுதிவிட்டு, மறுநாள் பயிற்சிக்குப் பையை அடுக்கப் போய்விட்டாள்.