லேசான இசையின் கனம்

2008இல் ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்த இந்திப் படங்களில் இரண்டு: ‘ஜோதா அக்பர்’, ‘ஜானே து யா ஜானே நா’. முன்னதன் பிரம்மாண்டத்தைக் ‘கலை’ என்கிறோம். பின்னதன் காதல் நகைச்சுவைப் பாடல்களை ‘நுகர்வுச் சரக்கு’ என்று ஒதுக்கிவிடுகிறோம்.

‘கபி கபி அதிதி’ வாடிப்போன தோழியைத் தேற்றுகிற பாட்டு. அப்பாஸ் டயர்வாலாவின் வரிகள் பேச்சு இந்தி. மெட்டும் பேச்சின் ஏற்ற இறக்கத்தை ஒட்டியே போகிறது. கிதார் துணையோடு, சங்கதி வித்தை எதுவும் காட்டாமல், பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி பாடுகிறார் ரஷீத் அலி.

மும்பை மேட்டுக்குடி இளசுகளின் உலகம்தான், சரி. ஆனால் ஆணும் பெண்ணும் சிநேகிதமாய், சமமாய்ப் பேசிக்கொள்ளும் தொனி இதில் இசையாகியிருக்கிறது. பெண்ணைத் தெய்வமாக்கியோ துரத்தியோ பாடிப் பழகிய சினிமாவில் இது சின்ன விஷயமா என்ன? கனத்தையே தரமென்று கொள்ளும் நம் அளவுகோலுக்கு இந்தச் சமத்துவம் காதில் விழுவதில்லை.