தண்ணீர் புகாத துணி

ஸ்ரீரங்கப்பட்டணம் ஒரு தீவு. காவிரி இரண்டாகப் பிரிந்து ஊரைச் சுற்றி ஓடுகிறது. சங்கமம் என்ற இடத்தில் இரண்டும் மறுபடி சேருகின்றன. அங்கே பரிசல் ஓட்டுகிறார்கள்.

பரிசல் என்பது மூங்கில் பிளாச்சால் முடைந்த பெரிய கூடைதான். கூடைக்குள் தண்ணீர் புகாதா? புகும். அதனால் கூடையின் வெளிப்புறத்தில் ஒரு போர்வை போடுகிறார்கள். முன்பு மாட்டுத்தோல் போர்த்தினார்கள். தோலுக்கு விலை அதிகம். ஈரத்திலேயே கிடந்தால் அழுகியும் போகும். பிறகு சாக்கும் பிளாஸ்டிக் விரிப்பும் வந்தன. அதன்மேல் தார் பூசுகிறார்கள்.

சாக்கில் இழைக்கு இழை சந்து உண்டு. தண்ணீர் அதன் வழியாகத்தான் வருகிறது. சந்தை எதைக் கொண்டு அடைப்பது? மாவுப் பசை தண்ணீரில் கரைந்துவிடும். சுண்ணாம்பு பூசினால், துணி மடங்கும்போது உதிர்ந்துவிடும். பூச்சு கரையவும் கூடாது, துணியோடு சேர்ந்து வளையவும் வேண்டும். தார் அப்படிப்பட்டது. ரப்பர் பாலும் அப்படிப்பட்டதே.

கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். தென் அமெரிக்க மக்கள் இந்தப் பாலைத் துணியில் பூசி மழைக்குப் போர்த்திக்கொண்டார்கள். ஸ்காட்லாந்துக்காரர் மெக்கின்டாஷ் 1823இல் ரப்பரைக் கரைத்தார். அதை இரண்டு துணிகளுக்கு நடுவே தடவி ஒட்டினார். மழைக்கோட்டு பிறந்தது. ஆனால் அந்தக் கோட்டு வெயிலில் பிசுபிசுத்தது, குளிரில் விறைத்தது.

தாருக்கும் அதே குறை உண்டு. வெயிலில் இளகும். நாளானால் காய்ந்து வெடிக்கும். ஆகவே ஒருமுறை பூசியதோடு வேலை முடிவதில்லை.

பூசுவதற்கு முன் சாக்கு நன்றாகக் காய வேண்டும். ஈரத்தில் தார் ஒட்டாது. தாரைத் திறந்த வெளியில்தான் காய்ச்ச வேண்டும். பிள்ளைகளைப் பக்கத்தில் விடக் கூடாது. கொதிக்கும் தாரில் தண்ணீர் பட்டால் பொங்கித் தெறிக்கும். தீப்பிடித்தாலும் தண்ணீர் ஊற்றக் கூடாது. மூடியால் மூட வேண்டும், அல்லது மணலைக் கொட்ட வேண்டும். உடம்பில் பட்டால் பிய்த்து எடுக்க வேண்டாம், தோலும் சேர்ந்து வந்துவிடும். நிறையத் தண்ணீர் விட்டுக் குளிர வைத்து, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சூடு அதிகமானால் பிளாஸ்டிக் சாக்கும் உருகும். கொஞ்சம் தணிந்த பிறகு பூச வேண்டும். தையலிலும் மடிப்பிலும் இன்னொரு பூச்சு தேவை.

பரிசல்காரர் பரிசலைத் தலையில் கவிழ்த்துச் சுமந்து கரைக்கு வருகிறார். வெளியே நல்ல வெயில். பரிசலின் உள்ளே இருட்டு. மூங்கில் சந்தில் ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிகிறதா? அங்கே ஓட்டை இருக்கிறது. அதை அடைத்த பிறகே ஆள் ஏற்ற வேண்டும்.