குரு சொன்னதில் பாதி

நம் பாட்டன் பாட்டி காடழித்துப் பால்மரம் நட்ட காலத்தில், நெகிரி செம்பிலான் தோட்டங்களில் புலியைவிட அதிகம் பேரைக் கொன்றது குளிர்காய்ச்சல். அது கொசுவால் வருகிறது என்று இன்று பள்ளிப் பிள்ளையும் சொல்லும். 1897க்கு முன் அதை நிரூபித்தவர் எவருமில்லை!

ரொனால்ட் ராஸ், சென்னைப் பட்டாளத்து வைத்தியர். 1894இல் விடுமுறையில் லண்டன் போனவர், பேட்ரிக் மேன்சன் என்ற மூத்த மருத்துவரைச் சந்தித்தார். காய்ச்சலுக்கு ஒரு கிருமி உண்டென்பதையே ராஸ் அதுவரை நம்பவில்லை. மேன்சன் வாதாடவில்லை, உருப்பெருக்கியில் நோயாளியின் ரத்தத்தை வைத்து, "பார்" என்று காட்டிவிட்டார். யானைக்கால் நோயின் புழு கொசுவுக்குள் வளர்வதை 1877இலேயே சீனாவில் கண்டவர் அவர். இதற்கும் கொசுதான் காரணம் என்பது அவர் ஊகம்.

ஆனால் கொசு தண்ணீரில் விழுந்து சாகிறது, அந்தத் தண்ணீரைக் குடிப்பவருக்குக் காய்ச்சல் வருகிறது என்றும் அவர் எண்ணியிருந்தார். இந்தியா திரும்பிய சீடர், கொசு செத்த நீரைச் சிலருக்குக் குடிக்கவும் கொடுத்துப் பார்த்தார். (இந்தக் காலத்தில் விடுவார்களா!) சரிவரவில்லை. செகந்திராபாத் வெக்கையில், வியர்வை பட்டு உருப்பெருக்கியின் திருகுகள் துருப்பிடித்தன. கடைசியில், உசேன் கான் என்ற நோயாளியைக் கடிக்க விட்டார்; கொசுவுக்கு ஓரணா கூலி. 1897 ஆகஸ்டு 20இல் அந்தக் கொசுவின் வயிற்றில் கிருமியைக் கண்டார். மறு ஆண்டு கல்கத்தாவில் பறவைகளை வைத்துச் சோதித்தபோது, கிருமி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து சேர்வதைப் பார்த்தார். குடிநீரில் இல்லை, கடியில்தான் விஷயம்!

குருவின் எண்ணம் பாதி பொய்த்துப் போயிற்று. மேன்சன் என்ன செய்தார் தெரியுமா? அதே 1898 ஜூலையில் எடின்பரோ மருத்துவர் மாநாட்டில், சீடரின் கண்டுபிடிப்பைத் தாமே எழுந்து அறிவித்தார். என் கணக்கில் அவருடைய பெரிய செயல் இதுதான். பின்னாளில் இருவருக்கும் மனக்கசப்பு வந்து, 1912இல் வழக்குவரை போனது வேறு கதை. மேன்சன் மறைந்தபின், 1930இல் ராஸ் அவரைப் பற்றிய நினைவுகளை ஒரு சிறு நூலாக எழுதினார்.

நமக்கு அந்த அறிவைக் கொண்டுவந்தவர் மால்கம் வாட்சன். 1901இல் கிள்ளானில் சதுப்பை வடித்தார், காய்ச்சல் இறங்கியது. அதே வைத்தியம் மேட்டுநிலத் தோட்டங்களில் பலிக்கவில்லை. நிழல் போனதும், வெயில் படும் தெளிந்த ஓடைகளில் வேறொரு கொசு பெருகியது! கொசு எந்த இனம் என்று பார்த்து வைத்தியம் மாற்ற வேண்டும் என்று வாட்சன் புரிந்துகொண்டார். ஓடை நீரை மண்ணுக்கடியில் குழாயில் விட்டார்கள், காண்களில் எண்ணெய் தெளித்தார்கள். வாட்சனின் 1911ஆம் ஆண்டு நூலுக்கு முன்னுரை எழுதியவர் ராஸ்.

2018 முதல் மலேசியாவில் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா உள்நாட்டில் இல்லை. குரங்கிலிருந்து கொசு கொண்டுவரும் மலேரியா மட்டும் இன்னும் இருக்கிறது. ஆகவே காட்டோரம் போய்வந்தபின் காய்ச்சல் கண்டால், டாக்டரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள். ரத்தம் சோதிக்கச் சொல்லுங்கள்.