கருங்கல்லும் மூச்சுக் காற்றும்

புதுக்கோட்டை மாவட்டத்தில் உள்ள குன்றாண்டார்கோவிலுக்குப் போகிறவர்கள், தேரை இழுப்பதுபோல் கல்லில் செதுக்கிய குதிரைகளை முன்மண்டபத்தில் பார்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைவார்கள். உள்ளே இருப்பது எட்டாம் நூற்றாண்டில், பல்லவர் காலத்தில், குன்றைக் குடைந்து செய்த குடைவரைக் கோயில்.

மாணவ நண்பர்களே! அங்கே நின்று ஒரு முறை மூச்சை விடுங்கள். வெளியேறும் காற்றில் கார்பன் டை ஆக்ஸைடு இருக்கிறது. தலைக்கு மேலே இருக்கும் பாறையிலோ, மணி மணியாய் மின்னும் குவார்ட்ஸ் இருக்கிறது. அது சிலிக்கன் டை ஆக்ஸைடு. கார்பனும் சிலிக்கனும் ஆவர்த்தன அட்டவணையில் ஒரே குடும்பம். ஒன்றின் கீழ் மற்றொன்று. அண்ணன் ஆக்ஸிஜனோடு சேர்ந்தால் வாயு, தம்பி சேர்ந்தால் கருங்கல்! இது எப்படி?

அட்டவணையின் வலப்புறத்தில், 13-ஆம் குடும்பம் முதல் 18-ஆம் குடும்பம் வரை இருப்பவை பி-தொகுதித் தனிமங்கள். ஹீலியம் மட்டும் விதிவிலக்கு. இவற்றின் கடைசி எலெக்ட்ரான் 'பி' ஆர்பிட்டலில் போய் உட்காருகிறது. ஒரு கூட்டின் 'பி' ஆர்பிட்டல்களில் மொத்தம் ஆறு எலெக்ட்ரான்களுக்கே இடம்; ஆகவே ஆறு குடும்பங்கள். பூமியின் மேலோட்டு எடையில் ஏறத்தாழ 46 சதவீதம் ஆக்ஸிஜன், 28 சதவீதம் சிலிக்கன், 8 சதவீதம் அலுமினியம். மூன்றும் பி-தொகுதியே.

இடமிருந்து வலமாகப் போகப் போக உட்கருவின் மின்னூட்டம் கூடி, அணு சுருங்குகிறது. எலெக்ட்ரானைப் பிடுங்குவது கடினமாகிறது. மேலிருந்து கீழே இறங்கினால் புதுக் கூடு சேர்ந்து அணு பருக்கிறது. கார்பன் அணுவின் ஆரம் 77 பிக்கோமீட்டர், சிலிக்கனுக்கு 118. (ஒரு மீட்டரை லட்சம் கோடி கூறுகளாக்கினால் ஒரு கூறே பிக்கோமீட்டர்!) நம் புதிருக்கு விடை இந்த 41 பிக்கோமீட்டர் வித்தியாசத்தில்தான் ஒளிந்திருக்கிறது.

சின்ன அணுவான கார்பன், ஆக்ஸிஜனை நெருங்கி நிற்க முடியும். இரண்டின் 'பி' ஆர்பிட்டல்களும் பக்கவாட்டில் நன்றாகத் தழுவி இரட்டைப் பிணைப்பு உண்டாகிறது. கார்பன்–ஆக்ஸிஜன் ஒற்றைப் பிணைப்பை அறுக்க மோலுக்குச் சுமார் 360 கிலோஜூல் வேண்டும். கார்பன் டை ஆக்ஸைடில் உள்ள இரட்டைப் பிணைப்புக்கோ சுமார் 800. இரண்டு ஒற்றைகளைவிட ஓர் இரட்டையே லாபம். ஆகவே ஒரு கார்பனும் இரண்டு ஆக்ஸிஜனும் தனிக்குடித்தனம் போய்விடுகின்றன. அந்த மூலக்கூறு பக்கத்து மூலக்கூறை அவ்வளவாகச் சட்டை செய்வதில்லை. அதனால் அது வாயு.

சிலிக்கன் பருத்த அணு. பக்கவாட்டுத் தழுவல் அதற்குச் சரிவருவதில்லை. ஆனால் ஆக்ஸிஜனுடன் அது கொள்ளும் ஒற்றைப் பிணைப்பு பலமானது. சுமார் 450 கிலோஜூல். எனவே ஒவ்வொரு சிலிக்கனும் நான்கு ஆக்ஸிஜன்களைப் பிடிக்க, ஒவ்வோர் ஆக்ஸிஜனும் இரண்டு சிலிக்கன்களைப் பிடிக்க, முடிவில்லாத முப்பரிமாண வலை ஒன்று உருவாகிறது. கார்பன் டை ஆக்ஸைடு பனிக்கட்டி மைனஸ் 78 டிகிரியிலேயே ஆவியாகிவிடும். குவார்ட்ஸை உருக்க 1,700 டிகிரி செல்சியஸ் போல வேண்டும்.

கருங்கல்லில் உள்ள ஃபெல்ஸ்பாரில் இன்னொரு வேடிக்கை. அங்கே சில சிலிக்கன்களின் இடத்தில் அலுமினியம் அமர்ந்திருக்கிறது. அதற்கு வெளிக்கூட்டில் ஓர் எலெக்ட்ரான் குறைவு. அந்தக் கணக்கை நேர்செய்யப் பொட்டாசியமோ சோடியமோ உள்ளே வருகிறது. மழைநீரில் கரைந்த கார்பன் டை ஆக்ஸைடு பல்லாயிரம் ஆண்டுகளில் இவற்றை மெல்ல அரித்து ஃபெல்ஸ்பாரைக் களிமண்ணாக்கும். குவார்ட்ஸ் மட்டும் கரையாமல் மணலாக மிஞ்சும்.

இந்தக் கரையாத குணமே கல் உடைப்பவருக்கு எமன். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் சிறிய குவார்ட்ஸ் தூசு நுரையீரலின் நுண்ணறை வரை போய்விடுகிறது. உடலால் அந்த வலையை அறுக்க முடிவதில்லை. தூசைச் சுற்றித் தழும்பு வளர்ந்து மூச்சு முட்டுகிறது. சிலிகோசிஸ் என்னும் இந்த நோயின் தழும்பை ஆற்ற மருந்து கிடையாது. தண்ணீர் விட்டுக்கொண்டே கல்லை அறுத்தால் தூசு பறப்பது வெகுவாகக் குறையும். புதுக்கோட்டைப் பக்கம் கல் குவாரிகள் நிறைய. உங்கள் ஊரிலும் இருந்தால், உளி பிடிக்கும் பெரியவர் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள்: வேலை தொடங்குமுன் கல்லை நனைப்பதுண்டா என்று.